மீ கோரேங்கும் மரவள்ளிக் கிழங்கும்



சம்பளம் போட்ட மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்திலிருந்து அப்பா பட்டணத்துக்குப் புறப்படுகிறார். பின்னாலேயே பிள்ளைகள் இரண்டு பேர். தீர்க்க வேண்டிய கடனைத் தீர்த்துவிட்டு, வாங்க வேண்டிய சாமானை வாங்கிவிட்டு, பேருந்து வரும்வரை மாமாக் கடையில் உட்கார்ந்து, ஒரு தட்டு மீ கோரேங் வாங்கி மூன்று பேரும் பகிர்ந்து சாப்பிடுகிறார்கள். எனக்கு அந்தத் தட்டு இன்னும் நினைவிருக்கிறது. உங்களில் பலருக்கும் நினைவிருக்கும்.

அந்தத் தட்டில் இருந்தது யாருடைய சாப்பாடு? தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவரிடம் அதை நீட்டினோம். “இது சீனச் சாப்பாடு அல்லவா?” என்றார். சீன நண்பரைக் கேட்டால் இந்தியச் சாப்பாடு என்பார். பெயரோ மலாய்ப் பெயர். இன்று இந்தக் கேள்வியைப் பற்றித்தான் சற்று நேரம் பேசப் போகிறோம். ஒரு தட்டைப் பிரித்துப் பார்த்தாலே இந்நாட்டின் வரலாற்றில் பாதி வெளியே வந்துவிடும்.

முதலில் பெயர். ‘மீ’ என்பது ஹொக்கியன் சீனச் சொல். ‘கோரேங்’ என்றால் மலாயில் பொரித்தல், வறுத்தல். இரண்டு மொழிகளைச் சேர்த்து ஒரு பெயர். அதைச் சட்டியில் போட்டுக் கிளறியவர் மூன்றாவது மொழி பேசிய தமிழ் முஸ்லிம். மஞ்சள் நிற மீயைச் செய்வது சீனர். கோதுமை மாவில் காரநீர் சேர்த்துப் பிசைந்து இழையாக அறுப்பது அவர்களுடைய தொழில். கூடவே கிடக்கும் தாஹூ என்ற சோயாக்கட்டியும், தௌகே என்ற பயற்றுமுளையும் அவர்கள் கொண்டுவந்தவையே. பிழிந்துவிடும் சிறு எலுமிச்சை, லீமாவ் கஸ்தூரி, மலாய்க் கம்போங்கில் காய்ப்பது. அரைத்த மிளகாய் விழுது, அவித்த உருளைக்கிழங்குத் துண்டு, தக்காளி, சட்டியை அனலில் காயவைத்து ஒரே மூச்சில் கிளறி இறக்கும் கை, இவை தமிழருடையவை என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா? அங்கேதான் ஒரு சிக்கல்.

மிளகாயும், உருளைக்கிழங்கும், தக்காளியும் நம்முடையவை அல்ல. மூன்றும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். 1498ஆம் ஆண்டு வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் வந்து இறங்கும்வரை, தமிழர் சமையலில் மிளகாய் என்று ஒன்று கிடையாது. காரத்துக்கு மிளகுதான். போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த புதிய காய், மிளகைப்போல உறைத்ததால், மிளகு போன்ற காய் என்று பெயர் வைத்தார்கள். அது மிளகாய் ஆயிற்று. சோழர் காலத்துச் சமையற்காரர் ஒருவர் இன்று எழுந்து வந்து நம் வீட்டு மீன்குழம்பைச் சுவைத்தால், “இது எந்த நாட்டுக் குழம்பு?” என்றுதான் கேட்பார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இது எங்களுடையது, இது உங்களுடையது என்று உணவுக்கு வேலி போடுகிறவர்கள் உண்டு. மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கூட, எந்தப் பண்டம் யாருடையது என்ற வழக்கு அவ்வப்போது எழுகிறது. எனக்கு அந்த வழக்கில் நாட்டம் இல்லை. எந்தப் பண்டம் எந்தக் கையில், எந்தத் தேவையில் பிறந்தது என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

சரி, கலப்பு எங்கே தொடங்கியது? மலாக்காவில் தொடங்குவோம். 1511ஆம் ஆண்டு போர்ச்சுக்கீசியத் தளபதி அல்புகெர்க் அந்த நகரைப் பிடிப்பதற்கு முன்பே அங்கே தமிழ் வணிகர் இருந்தார்கள். சுல்தான் ஆட்சியில் துறைமுகத்துக்கு ஷாபந்தர் எனப்படும் நான்கு அதிகாரிகள் இருந்தார்கள்; ஒவ்வொருவரும் சில நாட்டு வணிகர்களைக் கவனித்தார்கள். அப்படி வந்து தங்கிய தமிழ் வணிகர் உள்ளூர்ப் பெண்களை மணந்து குடியானார்கள். அவர்களின் வழியில் வந்தவர்களே மலாக்காச் செட்டிகள். அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். உடுத்துவது பெரும்பாலும் மலாய் உடை. வணங்குவது சிவனையும் பிள்ளையாரையும் மாரியம்மனையும். மலாக்கா நகரில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையதே.

போகியன்று அவர்கள் மூதாதையருக்கு வாழையிலையில் படையல் இடுகிறார்கள். அந்த வழிபாட்டுக்கு ‘பார்ச்சு’ என்று பெயர். இலையில் தேங்காய்ப்பாலில் வெந்த சோறு இருக்கும். ‘பிண்டாங்’ என்னும் புளிப்புக் கலந்த மீன் குழம்பு இருக்கும். சம்பால் பெலாச்சானும் வைப்பார்கள். பெலாச்சான் என்பது சிறு இறாலை உப்பிட்டு, இடித்து, வெயிலில் காயவைத்துச் செய்யும் கட்டி. தமிழ்நாட்டு எந்தப் போகிப் படையலிலும் இதைக் காண முடியாது. ஆனால் இலை போடும் முறையும், முன்னோர் வந்து உண்பார்கள் என்ற நம்பிக்கையும் மாறவில்லை. மொழி போனாலும் இலை நிற்கிறது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சற்று வியப்பாகவே இருக்கிறது.

அடுத்து பினாங்கு. 1786இல் பிரான்சிஸ் லைட் அந்தத் தீவில் ஆங்கிலக் கொடியை நாட்டிய சில ஆண்டுகளிலேயே, சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம்கள் ஏராளமாக வந்து சேர்ந்தார்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் தோன்றியது. துறைமுகத்தில் மூட்டை தூக்குவோர், படகு தள்ளுவோர், வண்டி இழுப்போர் என்று ஆயிரக்கணக்கான ஆண்கள். பெண்டு பிள்ளை ஊரில். இங்கே அடுப்பு மூட்ட ஆள் இல்லை. அவர்களுக்குச் சோறு யார் போடுவது?

அதற்குப் பிறந்ததுதான் நாசி கண்டார். தோளில் ஒரு தண்டு. ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் குழம்புச் சட்டிகள். நம் ஊரில் காவடி தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கே கொண்டுபோய் விற்றார்கள். அந்தத் தண்டுக்கு மலாயில் ‘கண்டார்’ என்று பெயர்; அதுவே சோற்றுக்குப் பெயராயிற்று. ஒரே சோற்றின்மேல் மீன்குழம்பும், கோழிக்குழம்பும், பருப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவதை இன்று ‘பஞ்சீர்’, அதாவது வெள்ளம், என்று கேட்டு வாங்குகிறார்கள்.

இந்தக் கடைக்காரர்களின் கெட்டிக்காரத்தனம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாப்பிட வருகிறவர் மலாய்க்காரராக இருக்கலாம், சீனராக இருக்கலாம், தமிழராகவோ சீக்கியராகவோ இருக்கலாம். எல்லாருக்கும் பிடிக்க வேண்டும். விலையும் குறைவாக இருக்க வேண்டும். ஆகவே சீனர் தின்னும் மீயை வாங்கினார்கள், மலாய்க்காரர் விரும்பும் இனிப்பும் புளிப்பும் சேர்த்தார்கள், தம் கையில் இருந்த மிளகாய் விழுதைப் போட்டார்கள். பன்றிக்கொழுப்பு இல்லாத மீ என்பதால் முஸ்லிம்களும் நம்பி உண்டார்கள். பாசெம்பூர் என்று பினாங்கிலும், இந்தியன் ரோஜாக் என்று சிங்கப்பூரிலும் சொல்லும் பண்டமும் அப்படித்தான். அதன்மேல் ஊற்றும் செந்நிறக் குழம்புக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கும், நிலக்கடலையும், மிளகாயும் வேண்டும். மூன்றும் அமெரிக்கச் செடிகள் என்பது இன்னொரு வேடிக்கை. கூடவே போடும் செங்குவாங் கிழங்கும் மெக்சிகோவிலிருந்து வந்ததே.

ரொட்டி சானாய் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேயர்கள் என்னை மன்னிக்கமாட்டீர்கள். சிங்கப்பூரில் அதற்கு ரொட்டி பரட்டா என்று பெயர். மைதா மாவை நெய்யோ மார்ஜரினோ விட்டுப் பிசைந்து, உருண்டைகளாக்கி எண்ணெயில் ஊறவைத்து, காற்றில் வீசி வீசி மெல்லிய துணிபோல விரித்து, மடித்துக் கல்லில் போடுகிறார்கள். ‘சானாய்’ என்பது சென்னையிலிருந்து வந்தது என்பார் சிலர். மாவைத் தேய்த்து மெல்லியதாக்குவதைக் குறிக்கும் மலாய்ச் சொல் என்பார் வேறு சிலர். இதுவும் ஒரு வழக்கு. தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. தமிழ்நாட்டில் பரோட்டாவுக்குச் சால்னா. இங்கே பருப்புக் குழம்பு. விடியற்காலையில் இரண்டு ரொட்டியும் ஒரு கிண்ணம் பருப்பும் உண்டவர் பகல்வரை உழைக்கலாம். சாமான் செலவும் குறைவு.

ரொட்டிக்குத் துணை தே தாரேக். இதிலே ஒரு பங்கு நேராக நம் கையிலிருந்து போனது. கேமரன் மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, அங்கே காடு வெட்டியவர்களிலும் கொழுந்து கிள்ளியவர்களிலும் தமிழர் ஏராளம். மாமாக் கடையில் போடுவது தேயிலைத்தூள்; நிறமும் துவர்ப்பும் அதிகம், விலை குறைவு. அதன் துவர்ப்பை அடக்கக் கெட்டிப்பால். பாலைக் காய்ச்சிக் கெட்டியாக்கும் முறைக்கு அமெரிக்காவில் கெயில் போர்டன் என்பவர் 1856இல் காப்புரிமை பெற்றார். ஐஸ் பெட்டி இல்லாத வெப்ப நாட்டில் பசும்பால் அரை நாள் தாங்காது. டின் பால் மாதக்கணக்கில் தாங்கும். இரண்டு குவளைகளுக்கு இடையே கை நீட்டி ஆற்றுவதில் சூடு தணிகிறது, பாலும் தேநீரும் கலக்கின்றன, நுரையும் எழுகிறது. நம்மூர்க் காப்பியை ஆற்றுகிற அதே கைதான்.

சிங்கப்பூருக்கு ஒரு நடை போய்வருவோம். மீன்தலைக் கறி என்று ஒரு பண்டம் அங்கே புகழ் பெற்றது. கேரளத்தைச் சேர்ந்த எம். ஜே. கோமஸ் என்பவர் 1949ஆம் ஆண்டு வாக்கில் சோபியா சாலையில் தம் கடையில் இதை விற்றார். நம் கடற்கரை ஊர்களில் தலையைக் குழம்பில் போடுவது உண்டு; ஆனால் பெரிய மீனின் தலையை மட்டும் தனிப் பண்டமாகச் சட்டியில் வைத்து விற்பது புதுமை. மீனின் தலையைச் சீனர் விரும்பி உண்பதை அவர் கவனித்தார். ஈக்கான் மேரா என்னும் சிவப்பு மீனின் தலையை, புளியும் மிளகாயும் சேர்த்த தென்னிந்தியக் குழம்பில், கத்தரிக்காய், வெண்டைக்காயோடு கொதிக்கவிட்டார். சீன வாடிக்கையாளர் வந்து குவிந்தார்கள். பின்னர்ச் சீனக் கடைக்காரர்களும் தங்கள் முறையில் அதைச் சமைக்கத் தொடங்கினார்கள். குழம்பு நம்முடையது, தலைமேல் ஆசை அவர்களுடையது.

நேயர்களே, இதுவரை சொன்னதெல்லாம் பட்டணத்துக் கதை. துறைமுகம், கடை, சந்தை. தோட்டத்துக்கு இதில் பங்கே இல்லையா? நூல்களைப் புரட்டினால் இல்லை என்றே தோன்றும். மீன்தலைக் கறிக்கு ஆண்டும் பெயரும் கிடைக்கின்றன. லயத்து அடுப்பில் பிறந்த பண்டங்களுக்கு ஆண்டும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. அதனாலேயே அவற்றைப்பற்றிச் சற்று நிறுத்திப் பேச விரும்புகிறேன்.

19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கும், பிறகு காப்பி, ரப்பர்த் தோட்டங்களுக்கும் தமிழர் வந்தார்கள். முதலில் ஒப்பந்தக் கூலிகளாக. ஒப்பந்த முறை 1910இல் ஒழிந்த பிறகு கங்காணி மூலமாக. உதவி பெற்று வருவது 1938இல் நிற்கும்வரை இந்த வரவு தொடர்ந்தது. வந்தவர்கள் கொண்டுவந்தது நாக்கின் நினைவு மட்டும். அதற்கான சாமான் இங்கே என்ன கிடைத்தது? தோட்டத்தில் கிடைத்தது ரங்கூன் அரிசி. மற்றதெல்லாம் பெரும்பாலும் சீனர் கடையில்.

அந்தச் சீனக் கடையை நினைத்துப் பாருங்கள். பருப்புச் சாக்கும் புளி உருண்டையும் ஒரு பக்கம். நெத்திலிக் கருவாடும், கிச்சாப் போத்தலும், சாடின் டின்னும், கெட்டிப்பால் டின்னும் மறுபக்கம். தவுக்கே தமிழில் பேரம் பேசுவார். காசு இல்லாவிட்டால் 555 என்று அட்டையில் போட்ட சின்னக் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். நம் சமையலை மாற்றியது அந்தச் சின்னப் புத்தகம் என்றே நான் சொல்வேன். எது கடனுக்குக் கிடைத்ததோ அது குழம்பாயிற்று. ஆட்டுக்கறி தீபாவளிக்கு, மற்ற நாளில் சாடின். தக்காளிச் சாற்றில் ஊறிய டின் மீன் ஐரோப்பியர் ரொட்டியோடு உண்ணச் செய்யப்பட்டது. லயத்துப் பெண் அதைத் திறந்து, வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்து, மிளகாய்த்தூளும் கொஞ்சம் புளியும் விட்டு, சாடின் பிரட்டலாக ஆக்கினார். ஒரு டின்னில் ஆறு பேர் சாப்பிடும்படி ஆக்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தப் பெண் விடியுமுன்னே எழுந்தவர். பெரட்டுக்குப் போக வேண்டும், பால் மரம் வெட்ட வேண்டும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் போகுமுன் சமைத்து வைத்தாக வேண்டும். அம்மியில் மணிக்கணக்கில் மசாலை அரைக்க நேரம் ஏது? கிச்சாப் ஊற்றிப் பிரட்டிய கோழியும், சம்பாலும் அந்த அவசரத்தில் பிறந்தவை. ஒரு கரண்டி கிச்சாப், ஊறவைத்து அரைத்த மிளகாய், வெங்காயம். அரை மணி நேரத்தில் கறி தயார்.

அரிசிமாவு இழையான மீஹூனை எடுத்துக்கொள்ளுங்கள். சீனர் கண்ட பண்டம். இன்று கோயில் திருவிழாவிலும், காதுகுத்திலும், பிள்ளையின் பிறந்த நாளிலும் நம்மவர் பெரிய சட்டியில் சைவ மீஹூன் கோரேங் கிளறுகிறார்கள். அம்மனுக்குப் பொங்கல் வைத்த கையோடு வந்தவர்களுக்கு மீஹூன் பரிமாறுகிறார்கள். யாரும் இதைப் புதுமை என்று நினைப்பதில்லை. மறுபக்கம், நம் இடியாப்பம் ‘புத்து மாயாம்’ என்ற பெயரில் தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் சேர்ந்து மலாய்க்காரர் காலை உணவாயிற்று. அச்சு முறுக்கு அவர்கள் வீட்டில் ‘குவே ரோஸ்’. சீனப் புத்தாண்டுக்குச் சீனர் வீட்டு மேசையிலும் அதைப் பார்க்கலாம். சொற்களும் அப்படியே கடந்தன. மலாயில் உள்ள கெடாய் நம் கடை. காரி நம் கறி. அப்பாம் நம் அப்பம். மெம்பெலாம் நம் மாம்பழம். காஞ்சி நம் கஞ்சி.

இப்போது ஒரு கசப்பான பக்கத்துக்கு வருவோம். கலந்த உணவெல்லாம் ஆசையால் கலந்தவை அல்ல. பசியால் கலந்தவையும் உண்டு.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. அந்நாளில் மலாயா உண்ட அரிசியில் பாதிக்கு மேல் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. போர் வந்தது, கப்பல் நின்றது, அரிசி நின்றது. ரப்பரை வாங்க ஆளில்லை. தோட்டத்தில் வேலையும் இல்லை. வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டு மூட்டை மூட்டையாக இருந்தாலும் ஒரு படி அரிசி கிடைப்பது அரிதாயிற்று. அப்போது மக்களைத் தாங்கியது மரவள்ளிக் கிழங்கு. சில தோட்டங்களில் ரப்பர் மரத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் மரவள்ளி நட்டார்கள். அதன் மாவில் ரொட்டி சுட்டார்கள், மீயும் செய்தார்கள். மலாய்க்காரர் தளிர் இலையைத் தேங்காய்ப்பாலில் சமைப்பார்கள். அதை நம்மவரும் கற்றுக்கொண்டார்கள். எந்தக் கிழங்கு கசக்கும், எதை நன்றாகத் தோல் சீவி, நீர் மாற்றி அவிக்க வேண்டும் என்ற அறிவும் இனம் பார்க்காமல் வேலிக்கு வேலி கடந்தது. சரியாக வேகாத கசப்புக் கிழங்கில் நஞ்சு உண்டு. தெரியாமல் தின்றால் உயிருக்கே ஆபத்து.

இங்கே நம் தோட்ட மக்கள் அறிய வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. மரவள்ளியும் ரப்பர் மரமும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மரவள்ளித் தண்டை ஒடித்தால் பால் வடிவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டுக்கும் தாயகம் தென்னமெரிக்கா. ரப்பர் விதையை ஹென்றி விக்கம் 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அந்த மரத்துக்காகத்தான் நம் முன்னோர் கப்பலேறினார்கள். மரவள்ளி அதற்கு முன்பே போர்ச்சுக்கீசியர் வழியாக ஆசியாவுக்கு வந்துவிட்டது. திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மன்னர் 1880களில் அதைப் பஞ்சம் தாங்கும் பயிராகப் பரப்பினார். ஒரு குடும்பத்து மரம் வேலைக்கு அழைத்து வந்தது. அதே குடும்பத்துச் செடி, வேலை போன காலத்தில் வயிற்றை நிரப்பியது.

எல்லா வயிற்றையும் நிரப்பவில்லை. சத்துக்குறைவால் கால் வீங்கிச் செத்தவர்கள் உண்டு. சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஏற்றிச் செல்லப்பட்ட தோட்டத் தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. என் தாத்தாவின் தம்பி அப்படிப் போனவர்.

என் பாட்டி சாகும்வரை மரவள்ளிக் கிழங்கைத் தொடவில்லை. வீட்டில் அவித்தால் வெளியே போய் உட்கார்ந்துகொள்வார். “மூணு வருசத்துக்குச் சேர்த்து அப்பவே தின்னுட்டேன்” என்பார். அம்மாவுக்கோ அது பிள்ளைப் பருவத்துச் சாப்பாடு. அவித்த கிழங்கில் தேங்காயைத் துருவிப்போட்டு, நெத்திலி சம்பாலோடு ஆசையாக உண்பார். ஒரே கிழங்கு, ஒரே வீடு, இரண்டு தலைமுறை. இன்று பெரிய விடுதிகளில் அதே மரவள்ளியையும் சம்பாலையும் பீங்கான் தட்டில் வைத்து நல்ல விலைக்குத் தருகிறார்கள். எனக்கு ஒருமுறை யாரோ வாங்கித் தந்தார்கள். பாட்டி நினைவு வந்தது. இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை.

சம்பால் என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். பாட்டி பெலாச்சானையும் வீட்டுக்குள் விடமாட்டார், நாற்றம் என்பார். எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு கம்போங். அங்கிருந்து ஒரு மலாய் அம்மா பாண்டான் இலையும் வாழைப்பழமும் விற்க வருவார். அம்மாவுக்கும் அவருக்கும் நல்ல பழக்கம். முருங்கைக் கீரையையும் கறிவேப்பிலையையும் இவர் கொடுப்பார். ஒரு நாள் அவர் வாழையிலையில் மடித்து ஒரு துண்டு பெலாச்சானைக் கொடுத்தார். பாட்டி மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அம்மா அதைக் கொல்லைப்புறத்தில் கரித்துண்டின்மேல் சுட்டு, மிளகாயோடு அரைத்து, நெத்திலி சம்பாலில் சேர்த்துவிட்டார். பாட்டி வந்து சாப்பிட்டார். “இன்னைக்கு ருசியா இருக்கே, என்ன போட்டே?” என்று கேட்டார். அம்மா, “நெத்திலி புதுசு அத்தை” என்றார். பாட்டி கடைசிவரை அந்த நெத்திலிக் கடைக்காரரைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

2020ஆம் ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரின் அங்காடி உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ நிறுவனம் மானிடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2024 டிசம்பரில் மலேசியாவின் காலை உணவுப் பண்பாடும் அதில் சேர்ந்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் மூன்றையும் அந்த ஏற்பு குறிப்பிடுகிறது. மகிழ்ச்சிதான். மூன்றில் இரண்டு, தமிழ் பேசியவர்களின் கடைகளில் வளர்ந்தவை.

சாடின் பிரட்டலுக்கும், மரவள்ளித் தளிர்க் கூட்டுக்கும் அப்படி ஒரு பட்டியல் இல்லை. அவை இருந்த லயங்களே இன்று பல இடங்களில் இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. சீனக் கடை இருந்த முக்கில் பெட்ரோல் நிலையம் நிற்கிறது. அடுக்குமாடி வீட்டுக்குப் போனவர்களோடு சில சட்டிகள் போயின. சமைக்கும் முறை எல்லாம் போகவில்லை. யாரும் எழுதி வைக்காததே காரணம். பால் வெட்டிவிட்டு வந்த கை எப்போது எழுதும்?

அம்மாவுக்கு இப்போது வயது 86. அளவு கேட்டால், “கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது” என்று சிரிக்கிறார். போன மாதம் நோட்டுப் புத்தகத்தோடு அடுப்படியில் உட்கார்ந்துகொண்டேன். அவர் எடுத்துப் போடப் போட, நான் வாங்கிப் பார்த்து எழுதினேன். தலை கிள்ளிய நெத்திலி இரண்டு கைப்பிடி. காய்ந்த மிளகாய் 15, சுடுநீரில் ஊறவைத்தது. சிறு வெங்காயம் 10. பெலாச்சான் பெருவிரல் நுனி அளவு, சுட்டது. புளி நெல்லிக்காய் அளவு. எண்ணெய் பிரியும்வரை வதக்க வேண்டும். கடைசியில் அரைக் கரண்டி சர்க்கரையை அள்ளித் தூவினார்.

“சம்பாலுக்குச் சர்க்கரை எதற்கு அம்மா?” என்றேன்.

“அது அந்த மலாய்க்காரம்மா சொல்லிக் குடுத்தது” என்றார்.